பவளத்தீவின் விருந்தினர் கணக்கு

இந்தியப் பிரஜை ஒருவர் காசிக்கோ காஷ்மீரத்துக்கோ பிரயாணம் போக எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில் 200 முதல் 440 கிலோமீட்டர் தூரத்துக்குள் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவுகளில் கால் வைக்க விரும்பினால், எந்தத் தீவுக்கு, எத்தனை நாளைக்கு என்று குறிப்பிட்டு, 1967-ஆம் வருஷத்து விதிகளின்படி முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் வெளியானது முதல் அத்தீவுகளைக் காணும் ஆசை நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆசை பரவியபோதே, நம் நாட்டின் ஒரு பகுதிக்குப் போக நமக்கு ஏன் சீட்டு என்ற முணுமுணுப்பும் எழுந்திருக்கிறது. இதைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் உபத்திரவம் என்று கருதுவோர் பலர். அத்தீவுகள் எவ்வாறு உண்டாயின, எதை நம்பி நிலைத்திருக்கின்றன என்று சற்றே நிதானமாகப் பார்த்தால், அந்தச் சீட்டு தீவின் மண்ணும் நீரும் விதித்த விதி என்பது விளங்கும்.

சமுத்திரத்தின் நடுவே எழுந்த எரிமலை யுகக்கணக்கில் மெல்ல மெல்லத் தாழ்ந்து போக, அதன் விளிம்பைப் பற்றி வளர்ந்த பவளப்பாறை மட்டும் சூரிய வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் மலை மறைந்து வளையம் மாத்திரம் மிஞ்சும் என்ற விளக்கத்தை 1842-இல் டார்வின் வெளியிட்டார். லட்சத்தீவின் தீவுகள் பெரும்பாலும் இத்தகைய வளையங்களின் கிழக்கு ஓரத்தில் ஒதுங்கிய மணல் திட்டுகளே. மேற்கே, பாறை வரம்புக்கு உட்புறம், அலையடங்கிய பச்சைநீர்க் காயல் கிடக்கும். கிழக்கு மேற்காய்ப் படுத்திருக்கும் ஆண்ட்ரோத் ஒன்றுக்குத்தான் சொல்லத்தக்க காயல் இல்லை. தீவுகள் 36, அவ்வளவும் சேர்ந்த விஸ்தீரணம் 32 சதுர கிலோமீட்டர், குடியிருப்பு உள்ளவை பத்து, 2011 ஜனக்கணக்கெடுப்பின்படி வாழ்வோர் 64,473 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேர் என்பது ஜனசூன்யமான சொர்க்கத்தை எதிர்பார்த்துப் போகிறவரைத் திடுக்கிடச் செய்யும். மலையில்லை, ஆறில்லை, ஓடையில்லை. கடல்மட்டத்துக்குமேல் நிலம் சில மீட்டர் உயரமே. பிரயாணிகள் புகழ்ந்து தீராத அந்த வெண்மணலில் ஒரு பங்கு, கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துத் தின்று வெளியேற்றிய எச்சம் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். அழகுக்கு அதனால் குறைவொன்றுமில்லை.

ஆறில்லாத தீவில் குடிநீர் ஏது? பெய்யும் மழை பவளமணலின் வழியே இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரோடு கலந்துவிடாமல், தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல, தன் இலேசான எடையினால் அதன்மேல் ஒரு மெல்லிய படலமாய்த் தங்குகிறது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓர் அடி நிற்குமானால் கீழே சுமார் நாற்பது அடி வரை அது இறங்கியிருக்கும் என்பது பொதுக் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புலப்படும்: பம்பு வைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் பல அடி ஏறிவரும். கிணற்றில் வாளியால் மொண்டு குளித்த காலத்தில் இல்லாத இந்தக் கவலை, நாள்தோறும் மேல்குழாயில் இருமுறை நீராடும் விருந்தினரோடு வந்து சேர்கிறது. கழிப்பறைத் தொட்டியின் கசிவும் இறங்குவது அதே மணலில்தான். இந்த நெருக்கடிக்கு ஒரு பரிகாரம் சென்னையிலிருந்தே போயிற்று: தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தித் தீவில் அமைத்த நிலையம், மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த நீரினால் அந்த ஆவியை மீண்டும் தண்ணீராக்கி, நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் வகையில் அமைந்தது. பின்னர் மினிக்காயிலும் அகத்தியிலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. சாமர்த்தியமான ஏற்பாடுதான்; என்றாலும் பம்புகளை ஓட்ட மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல் வேண்டும், டீசல் கப்பலில் வரவேண்டும்.

தீவுகளுள் மினிக்காய்க்குத் தனி இடம் கொடுத்தே பேசவேண்டும். கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, மற்றத் தீவுகளினின்றும் அகன்ற கடலால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் இத்தீவின் பாஷையும் வேறு: வடக்குத் தீவுகளில் மலையாளத்தின் வழக்கான ஜெசரி வழங்க, இங்கே மாலத்தீவாரின் திவேஹியோடு உறவுடைய மஹல் பேசப்படுகிறது, அதை எழுதும் தானா லிபி வலமிருந்து இடமாகச் செல்லும். 1885-இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கத்தின் உச்சிக்குப் படியேறிச் செல்பவருக்குத் தீவின் முழு வடிவமும், காயலும், வரம்பில் முறியும் அலையும் ஒருசேரத் தெரியும். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அயல்நாட்டுக் கப்பல்களில் மாலுமிகளாய்ப் போய்விட, வீட்டையும் ஊரையும் நடத்தும் பொறுப்பு பெண்களிடம் நின்றது. ஒவ்வோர் ஊருக்கும் ஆண்களுக்கு ஒரு போடுகாக்காவும் பெண்களுக்கு ஒரு போடுதாத்தாவும் தலைமை வகிப்பது அத்தீவின் வழக்கம்.

கப்பலுக்குப் போகாமல் ஊரில் தங்கியிருக்கும் ஆண்களின் தொழில் சூரை மீன் பிடிப்பது. விடியற்காலையில் காயலின் பவளக்கிளைகளுக்கிடையே திரியும் சிறுமீன்களை வலையிட்டு எடுத்து, படகிலேயே கடல்நீர் புகுந்து வெளியேறும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொண்டு, ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வாரி இறைத்து, தண்ணீரைச் சிதறி மீன்களை மயக்கி, முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி இழுத்துப் படகில் எறிவார்கள். வலைபோட்டு வளைத்து அள்ளும் முறையோடு ஒப்பிட்டால், வேண்டாத உயிர்களைக் கொல்லாத நாகரிகமான தொழில் இது. பிடித்த மீனை வேகவைத்து, புகையிலிட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்தால் மாஸ். இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு இந்த வம்சத்ததே. ஆனால் தூண்டிலுக்கு இரையும், இரைக்குப் பவளமும் வேண்டியிருப்பதால், ஆழ்கடல் தொழிலின் ஆணிவேர் காயலில் இருக்கிறது. கடல்நீரின் சூடு வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு மிகுந்து சில வாரம் நீடித்தாலே, பவளப்பூச்சி தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் நேர்ந்த இந்த வெளுப்பு 2024-லும் கடுமையாக வந்தது. நிலமும் கரைகிறது: பங்காரம் என்னும் தீவை அடுத்த பராளித் திட்டுகளுள் ஒன்று அரிப்பால் கடலோடு போய்விட்டது.

இந்த நிலையிலுள்ள காயலில் இறங்கும் பிரயாணி, பவளத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! நினைவுக்காக ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் நம் சென்னை ராஜ்யத்தின் மலபார், தென் கன்னட ஜில்லாக்களைச் சேர்ந்திருந்தவை என்பது இப்போது பலருக்கு நினைவில்லை. வடக்குத் தீவு முஸ்லிம்களிடையே தாய்வழிச் சொத்துரிமை நெடுங்காலமாக நிலவுவதும் பிரயாணி அறிந்துகொள்ளத்தக்க விஷயம்: தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்றும், சுயமாகச் சம்பாதித்ததற்குத் திங்களாழ்ச்சைச் சொத்து என்றும் பெயர், முன்னது தாய்வழியிலும் பின்னது மார்க்கச் சட்டப்படியும் இறங்கும். பெண்ணின் வீட்டைப் பெண்ணே ஆளும் ஊரில் படம் எடுக்குமுன் அவளைக் கேட்பது மரியாதை. பங்காரம் தவிர மற்றெங்கும் மதுவிலக்கு உண்டு.

போகும் வழி சுருக்கமானது. கொச்சியிலிருந்து கப்பலில் பதினான்கு மணி முதல் பதினெட்டு மணி நேரம். அல்லது அகத்திக்கு விமானம். தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் என்னும் சுற்றுலாச் சங்கம் பிரயாண ஏற்பாடுகளைக் கவனிக்கும். அக்டோபர் முதல் மே முற்பாதி வரை உகந்த காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் எவருக்கும் வழிவிடாது.

மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய இடங்களில், காயல் நீரின் மேலேயே தூண் நாட்டி விடுதிகள் அமைக்கும் உத்தேசம் சர்க்காரிடம் இருந்துவருகிறது. மாலத்தீவே இதற்கு முன்மாதிரி. ஆனால் மாலத்தீவில் விடுதிகள் நெடுங்காலம் குடியிருப்பற்ற தீவுகளுக்கே, தீவுக்கு ஒன்றாக, ஒதுக்கப்பட்டன. மினிக்காயின் காயலோ ஆயிரக்கணக்கானோர் வாழும் தீவின் தொழிற்சாலை. வருமானமும் வேலையும் தீவாருக்கு வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. எந்தெந்த இடத்தில் இரைவலை இறங்குகிறது என்பதை மீனவர்கள் அறிவார்கள். அவர்களைப் படகிலேற்றிக்கொண்டு போய், அந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிற்பாடு, எஞ்சிய நீரில் எத்தனை தூண் நிற்கும் என்று பொறியாளர்கள் எண்ணட்டும்.