மலையகக் குரல்கள் – 7: தட்டில் பதியாத பாடகி

அமெரிக்க நாட்டுப்புற இசையின் கதையைப் பெரும்பாலும் 1927 ஆகஸ்டில் தொடங்குவார்கள். பிரிஸ்டல் என்ற சிறு நகரத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கம்பனி வந்தது; ரயில்வேயில் வேலை பார்த்திருந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார்; பிற்காலத்தில் அந்த இசையின் தந்தை என்று பெயர் பெற்றார். அவருக்கு முன்பும் அந்த மலைகளில் பாடியவர்கள் உண்டு, தட்டில் பதியவில்லை, அவ்வளவுதான். இந்த அளவுகோலை இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் மலையகத்துக்குக் கொண்டுவந்தால் மீனாட்சியம்மை கணக்கிலேயே வரமாட்டார். அவரிடமிருந்து நமக்குக் கிடைப்பது 1940இல் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம். ஆனாலும் தோட்டத் தொழிலாளரின் மேடைக்கு அவரையே முதற் பாடகியாக வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் பேசுமுன் கூட்டம் சேர்க்க அவர் மனைவி மீனாட்சியம்மை பாடினார் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். பாட்டு எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டால் அந்த விடை போதாது. அந்தக் காலத்தில் மீரியபெத்த போன்ற ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருந்த லயம் நின்றது துரையின் நிலத்தில்; சங்கக்காரர் உள்ளே கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு பாயும் நிலை இருந்தது. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய நடேசய்யருக்கும் இதே தடைதான். பேச்சைக் கேட்க ஆள் தோட்டத்தைவிட்டு வெளியே வரவேண்டும். பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒருத்தி கேட்டுவந்து முணுமுணுத்தால், எழுத்தறியாத மற்றவளும் கொழுந்து பறித்தபடியே அதைப் பிடித்துக்கொள்வாள். கங்காணி பறிமுதல் செய்யக் கையில் தாள் எதுவும் இருக்காது. 1939இல் அரசுத் துறைகளிலிருந்து இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தீர்மானித்தபோது, அந்தச் செய்தியும் அதன் கோபமும் மலைக்கு ஏற இந்த வழி வேண்டியிருந்தது. ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் நடத்திய பெண் அவர். எது பத்திரிகையால் ஆகும், எது பாட்டால்தான் ஆகும் என்று அறிந்தே இரண்டையும் கையாண்டிருக்கிறார்.

அவர் லயத்தில் பிறந்தவர் அல்லர், மக்களுக்குப் பழகிய மெட்டுகளை எடுத்துக்கொண்டார், ஆகவே இது தெம்மாங்கோ ஒப்பாரியோ போன்ற மக்கள் பாட்டல்ல என்பது வலுவான மறுப்பு. முதற்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மெட்டைப் பற்றிச் சொல்வதை ஏற்கமாட்டேன். அதே ஆண்டுகளில் கெண்டக்கி நிலக்கரிச் சுரங்கங்களில் ஆன்ட் மோலி ஜாக்சன், ஊருக்குப் பழகிய பழைய மெட்டுகளில்தான் சங்கப் பாட்டுக் கட்டினார். அவரை மக்கள் பாடகி என்பதில் எவருக்கும் தயக்கம் இல்லை. தெரிந்த மெட்டில் தெரியாத சேதியை ஏற்றுவது இந்தக் கலையின் அடிப்படை வேலை. மோலியின் குரல் பதிவாகி இன்றும் கேட்கிறது என்பதே இருவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

பாட்டின் பலனைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் நின்றது இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியினரின் சங்கம். ஆனால் தோட்டத் தொழிலாளர் முன் ஒரு பெண் மேடையேறிக் கூலியையும் உரிமையையும் பாடியது அதற்கு முந்திய காரியம்.

எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை லயத்துப் பாடல்களைத் திரட்டித் தந்ததால் அவை தப்பின. மேடைப் பாட்டுக்கு அப்படி ஒரு உழைப்பு இன்னும் தேவைப்படுகிறது; தாமதிக்கவும் முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு, குடும்பங்கள் சேர்த்துவைத்திருந்தவையும் போயின. மற்ற தோட்டங்களின் தகரப்பெட்டிகளில் பாட்டுப் புத்தகம் ஏதும் கிடந்தால் இப்போதே பிரதி எடுக்க வேண்டும். மெட்டுத் தெரிந்த முதியவர்களைப் பாடச் சொல்லி, கையிலிருக்கும் தொலைபேசியிலாவது பதிய வேண்டும்.