ஐயாயிரம் முகங்களுக்கு அப்பால்

2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் குடுமியான்மலை வாக்காளர் கைக்கு வந்தவை நான்கு நிறச் சீட்டுகள். வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பச்சையிலும் மஞ்சளிலும் உண்டு.

ஏன் அந்த இடத்தில் சின்னம் நுழைகிறது? அரசியல் காரணங்கள் இருக்கலாம். எனக்கு வியப்பூட்டுவது மூளை சொல்லும் காரணம்.

ஊராட்சி வார்டில் சில நூறு வாக்காளர்கள்தான். நிற்பவர் இன்னார் மகன், இன்னார் மருமகள் என்று எல்லோருக்கும் தெரியும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஒன்றிய வார்டு ஒன்றுக்குச் சுமார் 5,000 மக்கள். மாவட்ட வார்டுக்கு 50,000. சட்டமன்றத் தொகுதிக்கு, 2021 கணக்கில், சராசரியாக 2,70,000 வாக்காளர்கள்.

அந்த 5,000-த்தைக் கவனியுங்கள். 2018-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர், ஒரு மனிதருக்கு எத்தனை முகம் தெரியும் என்று அளந்து பார்த்தார்கள். சொந்தபந்தம், பள்ளித் தோழர், கடைக்காரர், நடிகர் என எல்லாரையும் சேர்த்துச் சராசரி 5,000. ஆளுக்கு ஆள் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை மாறியது. சட்டம் எழுதியவர்கள் இதை அறிந்திருக்க வழியில்லை, தற்செயல்தான். ஆனாலும் ஒன்றியக் கவுன்சிலர் என்பவர் மனித நினைவின் விளிம்பில் நிற்கிறார். அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் எல்லார் முகமும் மனதில் தங்காது; அங்கேதான் சின்னம் துணைக்கு வருகிறது.

முகங்களைப் பிரித்தறிய மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறத்தில், தனியே ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1997-இல் நான்சி கன்விஷர் குழு அதை ஸ்கேனில் காட்டியது. மேடையில் இருப்பவர் முகம் இரண்டு லட்சம் பேரின் மூளைக்குள் போய்விடும். அவர் மூளைக்குள் அத்தனை முகமும் வராது. பழக்கம் ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. அடிக்கடி கண்ணில் படுவதே பிடித்துப்போகும் என்று 1968-இல் ராபர்ட் சயான்ஸ் சோதனையில் கண்டதை, நம் சுவரொட்டிகள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன.

உள்ளாட்சியில் தொடங்கி, இந்த விளிம்பைத் தாண்டிச் சட்டமன்றம் போனவர்கள் உண்டு. 1996-இல் பெரியகுளம் நகராட்சித் தலைவரான ஓ. பன்னீர்செல்வம் 2001 மே மாதம் எம்.எல்.ஏ. ஆனார், செப்டம்பரில் முதலமைச்சர். 2006-இல் சென்னை மேயரான மா. சுப்பிரமணியன் 2016-இல் சைதாப்பேட்டையில் வென்றார். கட்சியும் தலைமையும் தூக்கிவிட்டதை மறுக்க முடியாது. ஆனால் கவுன்சிலராக இருந்தவருக்கு ஓர் அனுகூலம் இருப்பதாக நினைக்கிறேன்.

தொகுதி எவ்வளவு பெரிதானாலும், தேர்தல் நாளில் அது பூத் பூத்தாகப் பிரிகிறது. ஒரு பூத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியூர் போனவர் யார், இறந்தவர் யார் என்று பூத் ஏஜென்ட் சொல்லக்கூடிய அளவு. அந்த ஏஜென்ட்டின் வேலையை ஒருகாலத்தில் தானே பார்த்தவருக்கு, அவர் சொல்வதில் எது நிஜம், எது ஒப்புக்குச் சொல்வது என்று புரியும்.

வென்ற பிறகுதான் இது அதிகம் தேவைப்படுகிறது. எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்தக் காலனியில் குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாகிறது என்பது கோட்டையில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. வெள்ளைச் சீட்டில் வென்ற வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவரது போனை எடுக்கிற எம்.எல்.ஏ.க்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.