வெடிப்பும் அதன் பிறப்பிடமும்

காமா கதிர் வெடிப்பு நொடிகளில் மறையும். அது நிகழ்ந்த விண்மீன் மண்டலமோ நிலைத்திருந்து காரணத்தை உரைக்கும். இரண்டு நொடிக்கு மேல் நீடிக்கும் நெடிய வெடிப்புகள் பெரும்பாலும் புதுவிண்மீன்கள் மிகுதியாகப் பிறக்கும் சிறு மண்டலங்களில் தோன்றுகின்றன. குறுகிய ஆயுளுடைய பெருவிண்மீன்களின் சிதைவே அவற்றின் மூலம் என்பதற்கு இது சான்று. அங்கு இரும்பு போன்ற கனத்த தனிமங்களும் குறைவு. அவை மிகுந்தால் விண்மீன் காற்று வலுப்பெற்று, விண்மீனின் நிறையையும் சுழற்சியையும் கவர்ந்து செல்லும். சுழற்சி குன்றினால் வெடிப்புக்கு வேண்டிய கதிர்த்தாரை எழுவது அரிது.

2017இல், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 எனும் முதிய மண்டலத்தில் குறுகிய வெடிப்பொன்று நிகழ்ந்தது. அங்கே விண்மீன் பிறப்பு ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. நெடுங்காலம் ஒன்றையொன்று சுற்றிவந்த இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததே காரணம். சற்று முன்னர் வந்த ஈர்ப்பலை அதனை உறுதிசெய்தது.

ஆகவே, வெடிப்பை ஆராய்வோர் அதன் ஒளியோடு அது பிறந்த இடத்தையும் நோக்குதல் வேண்டும்.