வங்கித் தனிநபர் கடன்

தனிநபர் கடன் என்பது நகை, நிலம், வீடு போன்ற எந்தச் சொத்தையும் ஈடாகப் பெறாமல், விண்ணப்பதாரரின் வருமானத்தையும் அவர் பழைய கடன்களைத் திருப்பிச் செலுத்திய விதத்தையும் நம்பி வங்கி வழங்கும் கடன் ஆகும். மருத்துவச் செலவு, திருமணம், வீட்டுப் பழுது எனப் பல தேவைகளுக்கு இது பெறப்படுகிறது. ஈடு இல்லாததால் பொதுவாக நகைக்கடனை விட இதற்கு வட்டி கூடுதல். வீட்டில் நகை இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பம்

ஆதார், பான் அட்டை, சம்பளச் சீட்டு, சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். சுயதொழில் செய்வோர் வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். அடுத்து வங்கி பார்ப்பது கடன் மதிப்பெண். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இதைக் கணிக்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அதை வாங்கிப் பார்த்தால், முன்பே அடைத்த கடன் நிலுவையாகப் பதிவாகியிருப்பது போன்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். ஒரே வாரத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பித்தால் அத்தனை விசாரணைகளும் அறிக்கையில் பதிவாகி, மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.

வங்கி விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைக் கேட்டுப் பெறுவோர் குறைவு.

வட்டிக் கணக்கு

ஊர்ப் பேச்சில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கிகள் ஆண்டு வீதத்தையே சொல்கின்றன. ஆனால் அந்த வீதம் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் ஓராண்டுக்கு வாங்குவதாகக் கொள்வோம். குறையும் நிலுவை முறையில், முதல் மாதம் முழுத் தொகைக்கு 1,000 ரூபாய் வட்டி. இஎம்ஐ எனப்படும் மாதத் தவணை சுமார் 8,885 ரூபாய். அதில் வட்டி போக மீதி 7,885 அசலில் கழியும். இரண்டாம் மாத வட்டி 921 ரூபாய்தான். ஆண்டு முழுவதற்கும் வட்டி சுமார் 6,619 ரூபாய். இதே 12 சதவீதத்தை ‘ஃபிளாட்’ முறையில் போட்டால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் கணக்காகும்: 12,000 ரூபாய். உண்மையில் அது 21 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

தவணைக் காலமும் அப்படித்தான். குறையும் நிலுவை முறையிலேயே இந்தக் கடனுக்கு மூன்று ஆண்டுகளில் சுமார் 19,570 ரூபாய் வட்டி. மாதத் தவணை 3,321. ஐந்து ஆண்டுகளாக்கினால் தவணை 2,224 ஆகக் குறையும், வட்டியோ 33,467 ஆக உயரும்.

முக்கிய விவர அறிக்கை

செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பல வேளைகளில் கடன் தொகையிலேயே கழிக்கப்படும். கைக்கு வருவது குறைவு, வட்டி முழுத் தொகைக்கு. காப்பீட்டையும் சேர்த்து விற்பது உண்டு. எனவே 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ‘முக்கிய விவர அறிக்கை’ தரப்பட வேண்டும். வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்த மொத்த ஆண்டுச் செலவு வீதம் (ஏபிஆர்) அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட உதவும் எண் அதுவே. அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. ஏழு நாட்களோ அதற்கு மேலோ தவணைக் காலம் உள்ள கடன்களுக்கு, யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசமும் உண்டு. அன்றே கையெழுத்திட வேண்டும் என்று வங்கி முகவர் அவசரப்படுத்தினாலும் இந்த அவகாசம் கடனாளிக்கு உரியது.