பேய்க்கு முன்னாடி டாக்டர்: ‘எக்ஸார்சிஸ்ட்’ வாரிசு எங்கே சறுக்கியது?

‘தி எக்ஸார்சிஸ்ட்: பிலீவர்’ (2023) வெறுமனே மோசமான படமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மோசமான பேய்ப்படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 1973ல் வந்த முதல் படம் எதனால் பயமுறுத்தியது என்பதை அதன் வாரிசே கண்டுகொள்ளவில்லை, அதுதான் என் வருத்தம். (இரண்டு படங்களின் முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

முதல் படம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திரும்பும் தலையும் பச்சை வாந்தியும்தான். ஆனால் இரண்டு மணி நேரப் படத்தில் பேயோட்டும் சடங்கு வருவது கடைசிப் பகுதியில் மட்டுமே. அதுவரை என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஆஸ்பத்திரி. சிறுமி ரீகனின் அம்மா கிறிஸ் ஒரு நடிகை, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றதும் டாக்டர்களிடம்தான் ஓடுகிறார். கழுத்தில் ஊசி ஏற்றி மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. பீறிடும் ரத்தம், இயந்திரத்தின் தடதட சத்தம், அந்தப் பிள்ளையின் முகம். அதில் பேயே கிடையாது. எனக்கு மொத்தப் படத்திலும் பார்க்கக் கஷ்டமான இடம் அதுதான்.

இன்னொன்று கவனியுங்கள். பேயோட்டலாம் என்று முதலில் சொல்வது பாதிரியார் இல்லை, டாக்டர்கள்! பேய் இருக்கிறது என்பதற்காக அல்ல. தனக்குள் பேய் இருப்பதாக நோயாளி நம்புவதால், சடங்கே ஒரு அதிர்ச்சி வைத்தியமாக வேலை செய்யலாம் என்ற கணக்கு.

பிறகு பாதிரியார் கேரஸ் வருகிறார். அவர் மனநல மருத்துவரும்கூட. தன் நம்பிக்கை தேய்ந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியும். தனியாக இறந்துபோன அம்மாவைப் பற்றிய குற்ற உணர்ச்சி வேறு. ரீகன் மீது தண்ணீரைத் தெளித்து, புனித நீர் என்கிறார். அவள் துடிக்கிறாள். ஆனால் அது சாதாரணக் குழாய்த் தண்ணீர்! அப்படியென்றால் இது பேய் இல்லையோ? அடுத்து அவள் பேசியதைப் பதிவு செய்த டேப்பைப் பின்னோக்கி ஓடவிட்டால், உளறல் ஆங்கிலமாகிறது. இப்படி ஒரு சான்று இந்தப் பக்கம், ஒரு சான்று அந்தப் பக்கம். நம் கையில் இருந்த விளக்கங்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அந்தக் குளிர்ந்த அறைக்குள் போகிறோம். இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் ஆவணப்படங்களில் வேலை செய்தவர். மூச்சுக்காற்று புகையாகத் தெரிய வேண்டும் என்று செட்டையே உறைய வைத்தாராம். அந்தப் பிடிவாதம் படம் முழுக்க இருக்கிறது.

‘பிலீவர்’ தொடங்கும்போது நம்பிக்கையாகத்தான் இருந்தது. ‘ஹாலோவீன்’ படங்களுக்குப் பிறகு டேவிட் கோர்டன் கிரீன் எடுத்தது. ஹைட்டி நிலநடுக்கத்தில் கர்ப்பிணி மனைவியை இழந்த விக்டர், தனியாக வளர்த்த மகள் ஏஞ்சலா, அவள் தோழி கேத்தரின். இருவரும் காணாமல்போய் மூன்று நாள் கழித்துக் கிடைக்கிறார்கள். லெஸ்லி ஓடம் ஜூனியர் அந்த அப்பாவின் தவிப்பை நன்றாகவே நடித்திருக்கிறார். இந்தப் பகுதியில் குறையே இல்லை.

அப்புறம் படத்துக்கு அவசரம் வந்துவிடுகிறது. மருத்துவப் பரிசோதனைகள் சில நிமிடங்களில் முடிகின்றன. பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு புத்தகத்தைக் கொடுக்க, நம்பிக்கையே இல்லாத விக்டர் சீக்கிரமே மனம் மாறுகிறார். கடைசியில் பல பிரிவுப் போதகர்களும் மூலிகை வைத்தியம் செய்யும் பெண்ணுமாக ஒரு கூட்டமே அறைக்குள் நிற்கிறது. எல்லா நம்பிக்கைகளும் சேர்ந்து போராடுவது நல்ல யோசனைதான். ஆனால் அங்கே ‘இது உண்மையா?’ என்று கேட்க ஒரு ஆள் மிச்சமில்லை. கேரஸ் மாதிரி சந்தேகப்படும் ஒருவர் இல்லாவிட்டால், பார்க்கிற நான் யார் பக்கம் நிற்பது? ஒரு சிறுமிக்குப் பதில் இரண்டு பேர் என்பதும் பயத்தை இரட்டிப்பாக்கவில்லை, பங்கு போட்டுவிட்டது.

கிறிஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐம்பது வருஷம் கழித்து எலன் பர்ஸ்டினைத் திரும்ப அழைத்து வந்து, கொஞ்ச நேரம் பேசவிட்டு, கண்களைக் குத்திப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

முடிவுக்கு வருவோம். 1973ல் கேரஸ் பேயைத் தனக்குள் அழைத்துக்கொண்டு ஜன்னல் வழியே குதிக்கிறார். சந்தேகப்பட்டவரே தன்னைக் கொடுக்கிறார். 2023ல் பேய் ஒரு புதிர் போடுகிறது: இரண்டு பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடு. கேத்தரினின் அப்பா பதறித் தன் மகளின் பெயரைச் சொல்கிறார், அவள்தான் சாகிறாள். ‘ஸா’ படத்துக்கு இது பொருந்தும். இங்கே ஒரு தகப்பனின் பலவீனத்தை வைத்து ஆடிய தந்திரமாக மட்டுமே நிற்கிறது.

இந்த வியாதி புதுசு இல்லை. மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கிய ‘எக்ஸார்சிஸ்ட் 3’ (1990) படத்தில், அசையாத கேமரா ஆஸ்பத்திரி நடைபாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு காட்சி உண்டு. பொறுமைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்தப் படத்திலும் தயாரிப்புத் தரப்பு, பேயோட்டும் காட்சி இல்லாமல் ‘எக்ஸார்சிஸ்ட்’டா என்று கேட்டு, கடைசியில் ஒன்றைச் சேர்க்க வைத்தது.

கிரீன் தொடர்வதாக இருந்த அடுத்த படம் இப்போது மைக் ஃப்ளானகன் கைக்குப் போயிருக்கிறது. ‘மிட்நைட் மாஸ்’ தொடரில், செத்த பிறகு என்ன ஆகும் என்று இரண்டு பேர் சோஃபாவில் உட்கார்ந்து நிமிஷக்கணக்கில் பேசுவதை நம்மைப் பார்க்க வைத்தவர். அவரை அப்படி உட்காரவிடுவார்களா என்றுதான் தெரியவில்லை.