எண்பத்தெட்டு மைல்

களம் கண்டவர்கள் – 14

2016 அக்டோபர் 22. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானம். அன்று ராத்திரி ஜெயித்துவிட்டால் கப்ஸ் பேஸ்பால் அணி 1945-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர் ஆடப் போகும். எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். அவர்களுடைய பிட்சர் கிளேட்டன் கெர்ஷா. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அதற்குள் மூன்று முறை வாங்கியிருந்தவர். கப்ஸுக்காகப் பந்து வீசும் மேட்டில் ஏறியவர் கைல் ஹெண்ட்ரிக்ஸ். வயது 26. முகத்தில் சலனமே இருக்காது. அவருடைய வேகப் பந்து சராசரியாக மணிக்கு எண்பத்தெட்டு மைல்தான், அதாவது 142 கிலோமீட்டர். அவர் காலத்து மேஜர் லீக் பிட்சர்களின் சராசரி வேகத்தைவிட நாலைந்து மைல் குறைவு.

அந்த ஆட்டத்தின் பதிவை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எட்டாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டாகும்வரை ஹெண்ட்ரிக்ஸ் வீசினார். டாட்ஜர்ஸுக்குக் கிடைத்தது இரண்டே ஹிட். ரன் கிடையாது. பிறகு வந்தவர் அரோல்டிஸ் சாப்மன், மனிதக் கையிலிருந்து புறப்பட்டதாகப் பதிவான பந்துகளிலேயே மிக வேகமான பந்தை வீசியவர். 105 மைலைத் தாண்டியது அது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து அன்று எதிர்கொண்டது 27 பேட்டர்களை மட்டும். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று அவுட் என்றால் 27தான். அதற்குக் குறைவாக யாராலும் முடியாது. கப்ஸ் 5–0 என்று ஜெயித்தது.

வேகத்தின் உச்சத்தில் ஒருவர், கிட்டத்தட்ட அடிமட்டத்தில் ஒருவர். இருவருக்கும் ஒரே ராத்திரி, ஒரே மேடு, ஒரே வெற்றி. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் கல்லூரிகள் பிட்சர்களைத் தேடிப் பிடிக்கும் கதையைச் சொல்ல வேண்டும்.

கோடைக்காலத்தில் அமெரிக்காவின் எந்த மூலைக்குப் போனாலும் 'ஷோகேஸ்' என்ற பெயரில் நடக்கும் ஆட்டங்களைப் பார்க்கலாம். பெற்றோர் பணம் கட்டிப் பையன்களை அழைத்து வருவார்கள். கேட்சருக்குப் பின்னால் வலை. வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் கல்லூரிக் கோச்சுகள். பையன் மேட்டில் காலைத் தூக்கும் கணத்தில் அத்தனை ரேடார் துப்பாக்கிகளும் ஒன்றாக எழும். பந்து கேட்சரின் கையுறையில் அறையும் சத்தம். உடனே எல்லாத் தலைகளும் குனியும், கையிலிருக்கும் எண்ணைப் பார்க்க. பந்து எங்கே போய் விழுந்தது, பேட்டர் என்ன செய்தான் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

கோச்சுகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்த பணம் அவ்வளவு கொஞ்சம். முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக 11.7 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. பதினொன்றே முக்கால்கூட இல்லை. அதை 27 பேர் வரை பங்கு போடலாம், ஒருவருக்குக் குறைந்தது கால் பங்காவது தர வேண்டும் என்பது விதி. அணியில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிட்சர்கள். இந்த நிலையில் பதினேழு வயதுப் பையனை நம்பிப் பணம் போடுகிறவர், கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளக்கூடிய ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார். துல்லியத்தைப் பிறகு சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம், வேகத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது அந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. 2025-இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்தது. பணம் கூடியது, இடம் சுருங்கியது. போதாததற்கு, மாணவர்கள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் இப்போது எளிது. வேறெங்கோ மூன்று வருடம் வீசிக் காட்டிய 21 வயதுக்காரன் கிடைக்கும்போது, பள்ளிக்கூடப் பையன் வளரட்டும் என்று காத்திருக்க எந்தக் கோச்சுக்கும் பொறுமை இருக்காது.

ஹெண்ட்ரிக்ஸ் கலிஃபோர்னியாப் பையன். 2008-இல் பள்ளி முடித்தபோது, மேஜர் லீக் அணிகள் புதியவர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்டில்' ஏஞ்சல்ஸ் அணி அவரை 39-ஆவது சுற்றில் எடுத்தது. அந்தச் சுற்று வருவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் கூப்பிடப்பட்டுவிடும். அவர் கையெழுத்துப் போடவில்லை. நாட்டின் மறுகோடியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரிக்குப் பொருளாதாரம் படிக்கப் போனார். டார்ட்மத் ஐவி லீக்கைச் சேர்ந்தது. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மார்ச் மாதத்திலும் பனி கிடக்கும் ஊர். மூன்று ஆண்டு கழித்து 2011-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை எட்டாவது சுற்றில் எடுத்தது. அடுத்த வருடமே கப்ஸுக்குக் கைமாற்றிவிட்டது.

சரி, அந்த எண்பத்தெட்டு மைல் பந்தை மேஜர் லீக் பேட்டர்களால் ஏன் அடிக்க முடியவில்லை?

மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பிட்சர் முன்னால் எட்டு வைத்து வீசுவதால், பந்து கையை விடும்போது மிச்சமிருப்பது சுமார் 55 அடி. அதைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. மட்டையைச் சுழற்றவே அதில் ஒரு பங்கு போய்விடுவதால், பந்து பாதி வழி வருவதற்குள் பேட்டர் முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே அவர் பந்தைப் பார்த்து அடிப்பதில்லை. அது எங்கே, எப்போது வரும் என்று ஊகித்து அந்த இடத்துக்கு மட்டையை அனுப்புகிறார். அந்த ஊகத்தைக் கெடுப்பதுதான் பிட்சரின் வேலை. வேகம் கெடுக்கும். நெளிவு கெடுக்கும். எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் படுவது சேஞ்ச்அப்.

கிரிக்கெட்டில் ஸ்லோ பால் என்கிறோமே, அதற்கு உறவுக்காரன். பிடியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வேகப் பந்தை விரல் நுனிகளால் பிடிப்பார்கள், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையல்மேல் படிந்திருக்கும். சேஞ்ச்அப்பில் பந்து உள்ளங்கைப் பக்கம் உள்ளே நகர்ந்துவிடுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கவாட்டில் ஒரு வளையம் போட்டுக்கொள்கின்றன. நடுவிரலும் மோதிர விரலும் மேலே. கை அதே வேகத்தில் சுழல்கிறது, தோள் அதே கோணம், முகம்கூட அதே முகம். பந்து மட்டும் எட்டு மைல் குறைவாகப் புறப்படுகிறது. எட்டு மைல்தானே என்று தோன்றும். வேகப் பந்து பிளேட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய கணத்தில், இந்தப் பந்து இன்னும் ஏறக்குறைய ஐந்தடி பின்னால் இருக்கும். மட்டை வெறும் காற்றை வெட்டிவிட்டுப் போயிருக்கும், அல்லது முனை பட்டுப் பந்து தரையோடு உருளும்.

ஹெண்ட்ரிக்ஸிடம் இதிலேயே இரண்டு வகை இருந்தன. ஒன்று வலக்கை பேட்டரின் பக்கமாகச் சாயும், மற்றது எதிர்ப்பக்கம் லேசாக விலகும். வேகப் பந்தையோ 17 அங்குல அகலப் பிளேட்டின் ஓரங்களில், நடுப்பகுதியைத் தொடாமல், கோலப்புள்ளி வைப்பதுபோல வைப்பார். மூன்று பந்தும் கையை விட்டு முதல் இருபதடி ஒரே பாதையில் வரும். எது எது என்று தெரியும்போது பேட்டர் முடிவெடுத்து முடித்திருப்பார். 2016-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.13. இரண்டு லீகுகளிலும் அந்த வருடம் அதுதான் மிகக் குறைவு.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. 2001-இல் வோரஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போகும் பந்து ஹிட்டாகிறதா, அவுட்டாகிறதா என்பதில் பிட்சருக்கு உள்ள பங்கு எல்லோரும் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார். ஸ்ட்ரைக் அவுட், வாக் (தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாகத் தளம் ஏறுவது), ஹோம் ரன், இந்த மூன்றும்தான் பிட்சர் கையில். மற்றது ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும். அன்று பலர் அடித்துச் சொன்னார்கள், அப்படி இருக்கவே முடியாதென்று. பிறகு வந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் தளர்த்தினவே தவிரத் தள்ளிவிடவில்லை. ஹெண்ட்ரிக்ஸுக்குப் பின்னால் அந்த வருடம் நின்ற ஹாவியர் பயேஸ் போன்ற ஃபீல்டர்கள் அபாரமானவர்கள். 2.13 என்ற எண்ணில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் வாக் அதிகம் கொடுக்காமல் இருந்தது முழுக்க அவருடைய சாமர்த்தியம். அவருக்கு முன்னால் அதே கப்ஸில் தொடங்கிய கிரெக் மேடக்ஸ் 5,000-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் வீசி 999 வாக் மட்டும் கொடுத்துவிட்டு, 355 வெற்றியோடு ஓய்வு பெற்றார். அவரும் வேகத்துக்குப் பெயர் போனவரல்ல.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. வலைக்குப் பின்னால் எழும் அந்தத் துப்பாக்கிகளைப் பையன்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 86 காட்டினால் யாரும் பேச மாட்டார்கள், 92 காட்டினால் கைபேசி அடிக்கும் என்று தெரிந்தபின், பதினைந்து வயதில் எவன் சேஞ்ச்அப் பழகுவான்? ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசுகிறான். முழங்கையின் உட்புறத்தில் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் சிறிய நார் ஒன்று உண்டு. முழுவேக வீச்சில் அதன்மேல் விழும் இழுவிசை, அது தாங்கக்கூடிய எல்லையருகே போகிறது. சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அது அறுந்துபோகாமல் இருக்கிறது. தசை களைத்தால் நார் தனியாக நிற்கும். 17, 18 வயதுக்காரர்கள் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 80-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்று 2014 முதல் வழிகாட்டுதல் இருக்கிறது. சனிக்கிழமை ஓர் அணி, ஞாயிற்றுக்கிழமை வேறோர் அணி என்று ஆடும் பையனுக்கு அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008-இல் 91.3 மைலாக இருந்த சராசரி வேகப் பந்து 2024-இல் 94.2 ஆகியிருந்தது. காயங்களும் கூடவே ஏறின. வேகத்தைத் துரத்துவதும், ஒவ்வொரு பந்துக்கும் உச்சபட்ச முயற்சி போடுவதும்தான் முக்கியக் காரணங்கள் என்றது அறிக்கை. அந்தத் துரத்தல் தொழில்முறை ஆட்டத்துக்கு வெகு முன்னால், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

அறுந்த நாரை மாற்றிவைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. டாமி ஜான். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், அவருடைய வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். அதற்குமுன் எந்தப் பிட்சருக்கும் அப்படிச் செய்ததில்லை. டாமி ஜானும் வேகப் பந்துக்காரரல்ல. திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்த அறுவை அறைக்குள் அடுத்த வாரம் போவோம்.