ரேடார் மழையைப் பார்க்கும். வயலை யார் பார்ப்பது?

2023 பிப்ரவரி முதல் வாரம். இலங்கைப் பக்கம் வந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், டெல்டாவில் அறுப்புக்கு நின்ற சம்பாவின் மேல் மழையைக் கொட்டியது. கதிர் தண்ணீரில் சாய்ந்துவிட்டால் நெல் வயலிலேயே முளை கட்டிவிடும். இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் மெஷினை முன்கூட்டியே அழைக்கலாம். களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடலாம்.

அந்தத் தகவல் பல கைகள் மாறி வருகிறது. காரைக்காலில் உள்ள இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார், கடல்மேல் எழும் மழை மேகங்களைத் தானாகவே சுற்றிப் பார்த்துப் படம் அனுப்புகிறது. ஊழியர்கள் பறக்கவிடும் பலூனில் தொங்கும் கருவி, மேல்காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சொல்கிறது. இந்தக் கணக்குகளெல்லாம் புனே, நொய்டாவில் உள்ள பெரிய கணினிகளுக்குப் போய், ஐந்து நாள் மழைக் கணிப்பாகத் திரும்புகின்றன. சென்னை வானிலை மையத்தில் உள்ளவர்கள் அதைத் திருத்துகிறார்கள். பிறகு வேளாண் வானிலைப் பிரிவு விஞ்ஞானிகள், வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், அதைப் பயிருக்கான ஆலோசனையாக எழுதுகிறார்கள். 'மேகதூத்' செயலியிலும் இது வரும்.

இத்தனை பேரும் இத்தனை இயந்திரங்களும் சேர்ந்தும், உங்கள் வடிகால் தூர்ந்திருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. கணிப்பு மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோதான். திருநள்ளாறில் பெய்து நிரவியில் காய்ந்தால் கணிப்பு பொய் என்று சொல்லிவிட முடியாது.

அறிக்கையில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் நான்கில் ஒரு பங்கு இடங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை, அதற்கு மேல் 'மிக கனமழை'. கனமழை என்று வந்த அன்றைக்கு யூரியா மேலுரம் போட்டால், உரம் வாய்க்காலோடு போகும்.

ஐந்து நாள் கணிப்பை உரம், மருந்து தெளிப்பு, மெஷின் ஏற்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் நாளில் நம்பிக்கை குறையும். அதை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை அறிக்கையை மறுபடி பாருங்கள். அறுப்பு நடக்கும் நாளில் பார்க்க வேண்டியது அடுத்த 3 மணி நேர எச்சரிக்கை; அது ரேடாரைப் பார்த்துத் தருவது.

கணிப்பு சொன்னபடி உங்கள் ஊரில் பெய்யாவிட்டால், மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் தேதியும் ஊரும் சொல்லிவையுங்கள்.